கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடல்: அழுக்கை யார் சுமந்தார்கள்?

பழைய பள்ளிவாசல்களின் ஹவுழைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வுழூ செய்யும் அந்தத் தொட்டிக்குள் நாலைந்து மீன்கள் விட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், நுளம்புக் குடம்பியையும் பாசியையும் தின்னும் என்பார்கள் பெரியவர்கள். தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க ஓர் உயிரை வேலைக்கு அமர்த்துவது நமக்குப் புதிய விசயம் அல்ல.

ஆனால் அந்த மீனின் கழிவு எங்கே போகிறது? அதை யாரும் கேட்பதில்லை. கேள்வி எழும் முன்பே ஹவுழைக் கழுவித் தண்ணீர் மாற்றும் நாள் வந்துவிடும்.

தண்ணீரை நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது என்றால்? அதுவும் கடல்நீர், கடலே இல்லாத ஒரு நகரத்தின் வீட்டுக்குள் என்றால்? இந்தக் கேள்வியோடு மனிதர்கள் ஏறக்குறைய 190 வருடங்களாகப் போராடி வருகிறார்கள். உப்புநீர் மீன்தொட்டியின் வரலாறு என்று சொன்னால் பணக்காரர்களின் பொழுதுபோக்குக் கதையாகத் தோன்றும். உண்மையில் அது கழிவின் வரலாறு. சாதாரண தர வகுப்பில் நைதரசன் வட்டத்தைப் பாடமாக்கிவிட்டு மறந்த பலருக்கும் அந்த வட்டம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை இந்த வரலாறு சொல்லித்தரும். கடைசியில் அது நம்முடைய கரைகளுக்கும் வந்து சேரும்.

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

*

கடல் மீனைக் கரையில் வளர்ப்பது உரோமர் காலத்திலேயே இருந்தது. செல்வந்தர்கள் கடலோர மாளிகைகளில் கல்லால் குளம் கட்டினார்கள். கால்வாய் வெட்டிக் கடலோடு இணைத்தார்கள். அலையும் வற்றுப்பெருக்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தன. அதாவது, அழுக்கைச் சுமந்தது கடல்.

கண்ணாடித் தொட்டியில் கடல் உயிர்களை வைத்து முறையாக ஆராய்ந்த முன்னோடி ஒரு பெண். பெயர் ஜான் வில்ப்ரோ பவர். பிரான்சில் ஒரு கிராமத்தில் பிறந்து, தையல் வேலை செய்து, திருமணமாகி இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகருக்குப் போனவர். கணவாயின் உறவான ஆர்கோநோட் என்ற உயிர் தன் ஓட்டைத் தானே செய்கிறதா, அல்லது நண்டு போல வேறொன்றின் ஓட்டுக்குள் குடியேறுகிறதா என்பது அந்தக் காலத்து விஞ்ஞானிகளின் பெரிய தர்க்கம். 1832இல் அவர் கண்ணாடித் தொட்டிகளும் கடலுக்குள் இறக்கும் கூடுகளும் செய்து, தானே செய்கிறது என்று நிரூபித்தார். அவருக்கு வாய்த்த வசதி, வீட்டு வாசலிலேயே கடல் இருந்தது. தண்ணீர் கெட்டால் ஊற்றிவிட்டு வேறு நிரப்பலாம்.

அந்த வசதி இல்லாதவர் லண்டனில் இருந்த அன்னா தின். அவர் ஒரு பாதிரியாரின் மனைவி. 1846இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டோர்க்கி என்ற ஊருக்குப் போனபோது, பாறையில் வளரும் சிறிய முருகை உயிர்களைக் கண்டு ஆசைப்பட்டார். அவை வழியில் உருண்டு சேதமாகாமலிருக்க ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சில் தைத்து, கல் ஜாடிக்குள் கடல்நீரோடு லண்டனுக்குக் கொண்டுவந்தார்.

சில நாட்களிலேயே தண்ணீர் கெட ஆரம்பிக்கும். புதிய கடல்நீர் வருவதற்கோ நாளாகும். அவர் கண்டுபிடித்த வழி, திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பது. நாம் தேநீரை ஆற்றுகிறோமே, அதேபோல. அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் என்று ஊற்ற வேண்டும். காற்றிலுள்ள ஒட்சிசன் தண்ணீரில் கரையும், உயிர்கள் பிழைக்கும்.

கை ஓயும் அந்த வேலைக்கு வீட்டில் ஒரு சிறிய வேலைக்காரப் பெண் இருந்தாள். அன்னா தின் பிறகு, 1859இல், தன் அனுபவத்தை விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் எழுதியபோது அவளையும் குறிப்பிட்டார். அந்தப் பிள்ளைக்கு அது விளையாட்டுப் போல இருந்தது என்ற தோரணையில் எழுதிவிட்டுப் போகிறார். ஏறக்குறைய மூன்று வருடங்கள் அந்த உயிர்கள் லண்டனில் வாழ்ந்தன. வரலாற்றில் அன்னா தின்னின் பெயர் இருக்கிறது. தண்ணீர் ஊற்றியவளின் பெயர் இல்லை.

இந்தக் கதை முழுக்க இது திரும்பத் திரும்ப நடக்கும். துப்புரவு வேலை செய்பவர் ஒருவர், பெயர் வாங்குபவர் இன்னொருவர்.

*

அடுத்த ஆள் ரொபர்ட் வரிங்டன். லண்டனில் மருந்து தயாரிப்போர் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளர். 1849இல் அவர் ஒரு பரிசோதனை தொடங்கினார். தாவரம் ஒட்சிசனை வெளியிடும், விலங்கு அதைச் சுவாசித்துக் காபனீரொட்சைட்டைக் கொடுக்கும், தாவரம் அதை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் தண்ணீர் மாற்றவே தேவையில்லை அல்லவா? 12 கலன் கொள்ளும் பாத்திரத்தில் மணலும் சேறும் போட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டு, வலிஸ்னேரியா என்ற நீர்த்தாவரத்தை நட்டார். இது நன்னீர்த் தொட்டி என்பதைக் கவனியுங்கள்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு பழுத்த இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கியது. பாத்திரத்தின் சுவரில் பச்சைப் படலம் பிடித்தது. கணக்குப்படி வாயுக்கள் சமநிலையில்தான் இருந்தன. ஆனால் கணக்கில் ஒருவர் விடுபட்டிருந்தார். இறந்ததை அப்புறப்படுத்துபவர்.

வரிங்டன் குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலையையும் படலத்தையும் தின்றன. தண்ணீர் தெளிந்தது. நத்தையின் முட்டைகள் மீனுக்கு உணவாகின. 1850 மார்ச்சில் லண்டன் இரசாயனச் சங்கத்தில் இதைக் கட்டுரையாக வாசித்தார். மீன்தொட்டியில் துப்புரவுக்கென்றே ஒரு விலங்கை விடும் வழக்கம் விஞ்ஞான ஏட்டில் ஏறியது இங்கேதான்.

அடுத்து அவர் கடல்நீருக்கு வந்தார். வலிஸ்னேரியாவின் இடத்தில் பச்சைக் கடற்பாசி. குளத்து நத்தையின் இடத்தில் பாறைகளில் ஒட்டி வாழும் சிறு கடல் நத்தை. அதே வேலைப் பங்கீடு.

ஆனால் கடல்நீர் அவ்வளவு எளிதில் மசியாது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல்நீரில் கரையும் ஒட்சிசன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடல்நீரின் பீஎச் பெறுமானம் 8.2 அளவில் நிற்பதால், மீன் வெளியேற்றும் அமோனியாவில் நன்னீரில் இருப்பதைவிடக் கூடிய பங்கு நச்சு வடிவத்தில் இருக்கும். அதோடு, குளத்து மீன் வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. கடல் உயிர்களோ தலைமுறை தலைமுறையாக மாறாத தண்ணீரில் வாழ்ந்தவை. சிறு மாற்றமும் அவற்றைக் கொல்லும்.

*

1853 மே மாதம் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன் மண்டபம் திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பிலிப் ஹென்றி கொஸ் என்ற இயற்கை ஆய்வாளர். அடுத்த வருடம், 1854இல், மீன்தொட்டி பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. அக்குவாரியம் என்ற சொல் வீடுகளுக்குள் நுழைந்தது அதன் பிறகுதான். கடலுக்குத் தூரமானவர்கள் நாலு வகை உப்பைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அவர் வெளியிட்டார். கண்ணாடியில் பிடிக்கும் பாசியைச் சுரண்டித் தின்னக் கடல் நத்தைகளை விடுங்கள் என்பதும் அந்தக் காலத்துப் பரிந்துரைதான்.

பிரித்தானியாவில் பைத்தியம் பிடித்ததுபோல் ஆனது. புகைவண்டிப் பாதைகள் கடற்கரைவரை போய்விட்ட காலம் அது. சனம் கூட்டம் கூட்டமாகக் கரைக்குப் போய், பாறைக் குட்டைகளிலிருந்து கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது.

பத்து வருடம்கூட அந்த மோகம் நிற்கவில்லை. பெரும்பாலான வீட்டுத் தொட்டிகள் நாறிப்போயின. நெருக்கமாக உயிர்களை அடைத்தார்கள். அளவுக்கு மீறி உணவு போட்டார்கள். ஒன்று செத்தால் அது அழுகி மற்றதைக் கொன்றது. நத்தை இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள். நத்தையும் கழிவு வெளியேற்றும் என்ற எளிய உண்மை யாருக்கும் தோன்றவில்லை.

தொட்டிகள் குப்பைக்குப் போயின. கரைகள் மீளவில்லை. கொஸ்ஸின் மகன் எட்மண்ட் கொஸ் பிற்காலத்தில் பெரிய இலக்கிய விமர்சகர். 1907இல் தன் தந்தையைப் பற்றி எழுதிய நூலில், சிறுவயதில் தான் கண்ட செழிப்பான பாறைக் குட்டைகளை ஆர்வலர் கூட்டம் சூறையாடிவிட்டதையும், தன் புத்தகங்களே அதற்கு வழிகாட்டின என்ற வருத்தம் தந்தையை வாட்டியதையும் பதிவு செய்திருக்கிறார். கடலை நேசித்து எழுதிய மனிதன் கடற்கரையை இழந்த கதை அது.

*

மோகம் அடங்கிய பிறகு விடாப்பிடியாக நின்றவர் வில்லியம் அல்ஃபர்ட் லொயிட். புத்தகக் கடை வேலையில் பிழைத்த ஏழை. மீன்தொட்டியில் மயங்கி, லண்டனில் கடல் உயிர்களும் தொட்டிகளும் விற்கும் கடை திறந்தார். 1864இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் மிருகக்காட்சிசாலையிலும், 1871இல் லண்டன் பளிங்கு மாளிகையிலும் பெரிய கடல் அக்குவாரியங்களை அமைத்தார். இத்தாலியின் நேப்பிள்ஸில் 1874இல் திறக்கப்பட்ட அக்குவாரியத்துக்கும் அவருடைய முறைதான்.

அந்த முறை என்ன? கண்ணாடித் தொட்டிகளுக்குக் கீழே, நிலத்துக்கடியில், தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தாங்கி. பம்பி இரவு பகலாகத் தண்ணீரை மேலே ஏற்றும். அது தொட்டிகள் வழியாக ஓடி மறுபடி இருட்டுக்குள் இறங்கும். உலோகக் குழாய் கடல்நீரில் அரித்து நஞ்சாகும் என்பதால் இறுகிய இறப்பரால் பம்பியும் குழாயும் செய்வித்தார். கலங்கிய தண்ணீர் இருட்டில் தெளிந்தது. வருடக்கணக்கில் அதே தண்ணீர் ஓடியது.

இருட்டில் பச்சைப் பாசி வளராது, சேர்ந்து வரும் காற்று கழிவை எரித்துவிடும் என்பது லொயிட்டின் விளக்கம். பாதி சரி. அந்த இருட்டில் வேறு யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவருக்கு அவர்களைத் தெரியாது. அப்போது உலகில் யாருக்கும் தெரியாது.

*

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கழிவுநீரைப் பற்றி ஆராய்ந்தார்கள். மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் ஒன்றின் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாகச் சொட்டவிட்டார்கள். முதல் நாட்களில் அமோனியா அப்படியே வெளியே வந்தது. ஏறக்குறைய 20 நாட்களுக்குப் பிறகு திடீரென்று நைத்திரேற்று வர ஆரம்பித்தது. அமோனியா மறைந்தது.

இது வெறும் இரசாயனத் தாக்கம் என்றால் 20 நாள் ஏன் காத்திருக்க வேண்டும்? அவர்கள் குழாய்க்குள் குளோரோஃபோம் ஆவியைச் செலுத்தினார்கள். வேலை நின்றுபோனது. குளோரோஃபோமை அகற்றிவிட்டு, கொஞ்சம் மண் கழுவிய நீரைச் சேர்த்தார்கள். மறுபடி தொடங்கியது. மயக்க மருந்துக்கு மயங்குவது என்றால் அது உயிர். கண்ணுக்குத் தெரியாத உயிர்.

இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் இதை உடனே கையிலெடுத்து, பல வருடங்கள் ஆராய்ந்தவர் பெயர் ரொபர்ட் வரிங்டன்.

ஆம், அதே பெயர். தங்கமீன் தொட்டி வைத்த வரிங்டனின் மகன். தந்தை நத்தையை விட்ட வருடத்தில் மகனுக்குப் பத்து, பதினொரு வயது. இரசாயனத்தைத் தந்தையின் ஆய்வுகூடத்திலேயே பழகியவர். அமோனியா முதலில் நைத்திரைற்று ஆகிறது, பிறகுதான் நைத்திரேற்று ஆகிறது, இந்த இரண்டு படிகளையும் வெவ்வேறு உயிர்கள் செய்கின்றன என்று காட்டினார். வெளிச்சம் இந்த வேலைக்குத் தடை, இருட்டே உகந்தது என்பதையும் கண்டார். லொயிட்டின் இருட்டுத் தாங்கி ஏன் வேலை செய்தது என்பதற்கு விடையில் பெரும்பகுதி இதுதான்.

அந்தப் பற்றீரியாக்களைத் தனியே பிரித்தெடுக்க மகன் வரிங்டனால் கடைசிவரை முடியவில்லை. பற்றீரியா வளர்க்க வழக்கமாகப் பயன்படுத்திய ஜெலற்றீனில் அவை வளரவே இல்லை. 1890இல் சூரிச்சில் இருந்த ரஷ்யரான வினோகிராட்ஸ்கி, சேதன உணவே இல்லாத ஊடகத்தில் வளர்த்துப் பிரித்துக் காட்டினார். அவை அமோனியாவை ஒட்சியேற்றி அதிலிருந்தே சக்தி பெறுபவை. நமக்குக் கழிவு, அவற்றுக்குச் சாப்பாடு.

ஒரு குடும்பத்தில் தந்தை கண்ணுக்குத் தெரிந்த துப்புரவாளனைக் கண்டுபிடித்தார். மகன் தெரியாத துப்புரவாளனைத் தேடினார். தந்தை 1867இலேயே காலமாகிவிட்டார். தன் தொட்டியின் மணலில் உண்மையான வேலை யார் செய்தது என்பதை அவர் அறியவே இல்லை.

இன்று உப்புநீர்த் தொட்டி வைப்பவர்கள் மீன் வாங்கும் முன் மூன்று, நாலு வாரங்களுக்கு மேல் வெறுந் தொட்டியை ஓடவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு வேறொன்றுமல்ல. ஷ்லோசிங்கின் குழாயில் கழிந்த அதே 20 நாள்.

*

பற்றீரியா கிடைத்தது. ஆனால் அதோடும் பிரச்சினை முடியவில்லை. நைத்திரேற்று அமோனியா போல உடனே கொல்லாது. அது சேரும். மாதக்கணக்கில் சேர்ந்து பாசியை வளர்க்கும், முருகை உயிர்களை வாட்டும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கடல் மீனை ஓரளவு வளர்க்க முடிந்தது. முருகைக்கல்லை உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலானோருக்குக் கனவு.

1961இல் அமெரிக்க மீன் வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். அவர் விலை உயர்ந்த வடிகட்டி எதையும் பயன்படுத்தவில்லை. முருகைப் பாறையிலிருந்து உடைந்த, உயிர் நிறைந்த கற்களைக் கடல்நீரோடு தொட்டியில் அடுக்கினார். காற்றுக் குமிழி விட்டார். வெயில் படவிட்டார். அவ்வளவுதான். முருகைகள் வாழ்ந்தன.

அந்தக் கல்லில் என்ன இருந்தது? வெளிப்புறத்தில் ஒட்சிசன் படும் இடத்தில் அமோனியாவை நைத்திரேற்றாக்கும் பற்றீரியா. உள்ளே, ஒட்சிசன் புகாத துளைகளில், நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கும் வேறு பற்றீரியா. அந்த வாயு குமிழியாகிக் காற்றில் கலந்துவிடும். வட்டம் பூர்த்தியாவது இங்கேதான். அதோடு கல்லின் இடுக்குகளில் புழு, சிறு இறால், நத்தை, கடற்பஞ்சு என்று ஒரு ஊரே இருந்தது. தண்ணீருக்கு மருந்து தேடியவர்கள் மத்தியில், கடலிலிருந்து துப்புரவுப் பகுதியையே பெயர்த்தெடுத்துக்கொண்டு வந்துவிட்டார் அவர்.

மேற்கில் பலர் அதை அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஜேர்மனியில், குறிப்பாகப் பேர்லின் ஆர்வலர்கள், உயிருள்ள கல்லோடு நுரை பிரிக்கும் கருவியைச் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார்கள். கடல்நீருக்குள் நுண்ணிய குமிழிகளைச் செலுத்தினால் சேதனக் கழிவு குமிழியில் ஒட்டி நுரையாக மேலே வரும். கடற்கரையில் காற்றடிக்கும் நாளில் கரையொதுங்கும் மஞ்சள் நுரையைக் கண்டிருப்பீர்கள். அதே விசயம்தான். அந்த நுரையை வழித்துக் கொட்டிவிட்டால், அழுகி அமோனியாவாகும் முன்பே கழிவு வெளியே போய்விடும்.

*

இங்கேதான் துப்புரவு விலங்குகள் பெரிய வியாபாரமாகின. முருகைத் தொட்டி வைப்பவர் இன்று ஒரு துப்புரவுப் படையையே வாங்குகிறார். கண்ணாடியிலும் கல்லிலும் பாசி சுரண்டும் நத்தைகள். மணலுக்குள் புதைந்திருந்து, இறைச்சி வாசம் வந்ததும் மேலே வரும் நத்தைகள். வெற்றுச் சங்குக்குள் குடியிருந்து மிச்சம் மீதியைத் தின்னும் துறவி நண்டுகள். மணலை விழுங்கி அதிலுள்ள கழிவை உறிஞ்சிக்கொண்டு சுத்த மணலை வெளியேற்றும் கடலட்டை. மீனின் உடலில் ஏறி ஒட்டுண்ணியும் இறந்த தோலும் கொத்தித் தின்னும் துப்புரவு இறால்.

ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. நத்தை பாசியைத் தின்றால் பாசியிலிருந்த நைதரசன் காணாமல் போவதில்லை. கொஞ்சம் நத்தையின் உடலாகிறது, மிச்சம் கழிவாகத் தண்ணீருக்கே திரும்புகிறது. பெரிய கழிவைச் சிறிய கழிவாக்கிப் பற்றீரியாவின் கைக்குக் கொடுப்பதுதான் அந்த விலங்கின் வேலை. தொட்டியை விட்டுக் கழிவு வெளியேற வேண்டுமானால் ஒன்று வாயுவாகப் போக வேண்டும், அல்லது நுரையாக, வெட்டியெடுத்த பாசியாக, மாற்றிய தண்ணீராக மனிதன் அகற்ற வேண்டும்.

அதிலும் தின்னப் போதாமல் படையை அதிகமாக விட்டால் அது பட்டினியில் சாகும். செத்த நத்தை ஒன்று, அது அதுவரை செய்த துப்புரவையெல்லாம் ஒரே நாளில் பழுதாக்கிவிடும். 1850களில் நடந்தது இன்றும் நடக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். செத்தால் கடையில் இன்னொன்று வாங்கலாம்.

அந்தக் கடைக்கு அது எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் பிளோரிடாவில் இந்தப் பிடிப்பை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. முன்பு அழகுக்காக உயிர்களைப் பிடித்தார்கள், இப்போது அதிகமாகப் பிடிபடுவது தொட்டியில் துப்புரவு வேலை செய்யும் நத்தையும் துறவி நண்டும்தான், இது கடலின் துப்புரவையே பாதிக்கும் என்று அது எச்சரித்தது.

கடலில் துப்புரவாளர் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை ஒருவர் முன்பே சோதித்துப் பார்த்திருந்தார். கொன்ராட் லிம்போ என்ற அமெரிக்க சுழியோடி விஞ்ஞானி பஹாமாஸ் கடலில் இரண்டு சிறு பாறைகளிலிருந்து துப்புரவு செய்யும் உயிர்களை அகற்றினார். சில நாட்களில் மீன்கள் குறைந்தன. மிஞ்சியவற்றின் உடலில் புண்கள் கண்டன. அவருடைய கட்டுரையும் வெளிவந்தது 1961இல்தான், லீ சின் எங் எழுதிய அதே வருடம். வேறு சிலர் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்காததால் நீண்ட காலம் தர்க்கம் நடந்தது. பிறகு அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் துப்புரவு மீன்களைச் சில பாறைகளிலிருந்து எட்டரை வருடங்கள் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார்கள். அந்தப் பாறைகளில் நிலையாக வாழும் மீன்களின் தொகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. துப்புரவாளன் போனால் ஊர் உடனே சாவதில்லை. மெல்ல மெல்ல வெறுமையாகிறது.

*

இப்போது நம் கரைக்கு வருவோம்.

அலங்காரக் கடல் உயிர்களை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடுகளில் இலங்கை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மீன்களோடு துப்புரவு இறாலும், இரத்தச் சிவப்பில் இருக்கும் அதன் உறவான இறாலும் நம் முருகைப் பாறைகளிலிருந்து போகின்றன. பருவக்காற்று மாறும்போது சுழியோடிகளும் கரை மாறுவார்கள். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்கே திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம். கிழக்கு கொந்தளிக்கும் மாதங்களில் மேற்கே, தெற்கே. பொலித்தீன் பைக்குள் கடல்நீரும் ஒட்சிசனும் நிரப்பி, கட்டுநாயக்கவிலிருந்து விமானம் ஏறும் அந்த இறாலைப் பிடித்தவன் பெயர், அதை வாங்கும் ஐரோப்பியனுக்குத் தெரியாது. யன்னலருகே தண்ணீர் ஊற்றிய பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாததைப் போல.

கடலட்டையின் கதை இன்னும் பெரியது. கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணம் என்று நம் சமூகத்திலும் அயல் சமூகங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் அதில் பிழைத்தன, பிழைக்கின்றன. அது மீன்தொட்டிக்கு அல்ல, பெரும்பாலும் அவித்து உலர்த்திச் சீன உணவுக்குப் போகிறது. ஆனால் கடலில் அது செய்யும் வேலை தொட்டியில் செய்யும் அதே வேலைதான். அடிமணலைப் புரட்டி, விழுங்கி, சுத்தமாக்கி விடுவது. பாக்கு நீரிணையின் மறுகரையில் இந்தியா 2001இல் கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடை செய்தது. நம்மிடம் அது அனுமதிப்பத்திரத்தோடு நடக்கும் தொழில். கரையோரத்தில் குறைந்ததால் சுழியோடிகள் மேலும் மேலும் ஆழத்துக்குப் போகிறார்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகிக் கை கால்களை முடக்கிவிடும். கரையோர ஊர்களில் அப்படி முடங்கியவர்களைப் பார்த்தவர்கள் இதை வாசிப்போரில் இருப்பீர்கள்.

தொழிலை நிறுத்துங்கள் என்று வகுப்பறையில் நின்று சொல்வது எனக்குச் சுலபம். அடுப்பு எரிய வேண்டியவனுக்கு அது பதில் ஆகாது. ஆனால் கணக்கைச் சொல்வது ஆசிரியனின் வேலை.

கணக்கு இதுதான். வில்ப்ரோ பவர் காலம் தொட்டு இன்றுவரை, கண்ணாடிப் பெட்டிக்குள் கழிவை இல்லாமலாக்கும் வழியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சுமப்பவர் யார் என்பதைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் கண்டுபிடித்தது. முதலில் கடல். பிறகு வேலைக்காரப் பிள்ளை, நத்தை, பற்றீரியா, முருகைக்கல். சுமப்பவரைக் கண்டுபிடித்ததும் மனிதன் செய்த அடுத்த வேலை, அவரை இருந்த இடத்திலிருந்து பெயர்த்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனது. பெட்டி பளிச்சென்றானது. டெவன் கரையின் பாறைக் குட்டை வெறுமையானது. பிளோரிடாவில் மணி அடித்தார்கள். நம் கடலில் அடிக்க வேண்டுமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

வழிகள் இல்லாமலில்லை. சில நத்தை வகைகளையும் கோமாளி மீன் போன்றவற்றையும் இன்று குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். துப்புரவு இறாலின் குடம்பி வளர மாதக்கணக்காவதால் அது இன்னும் கடினமாகவே இருக்கிறது. வடக்கில் கடலட்டையைப் பண்ணையில் வளர்க்கிறார்கள், அதிலும் இடம் யாருக்கு, இலாபம் யாருக்கு என்ற சச்சரவுகள் உண்டு. வீட்டில் தொட்டி வைத்திருப்பவருக்கு வரிங்டன் காலத்து அறிவுரையே இன்றும் செல்லும். குறைவாக மீன் விடுங்கள், குறைவாக உணவு போடுங்கள், கையால் துடைக்க முடிந்ததைக் கையால் துடையுங்கள். படை வாங்குவது அதன் பிறகு.

அடுத்த முறை பிள்ளைகளைத் தெஹிவளைக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன்தொட்டிக்கு முன்னால் பிள்ளைகள் வண்ண மீனைக் காட்டிக் கத்துவார்கள், கத்தட்டும். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருக்கும் நத்தையைக் காட்டுங்கள். இந்தத் தண்ணீர் ஏன் நாறவில்லை என்று கேளுங்கள். நைதரசன் வட்டத்தை அங்கிருந்து தொடங்கினால், அம்புக்குறி போட்ட படம் இல்லாமலே பிள்ளைக்கு விளங்கும்.